ஆம்ப்ளிஃபயரை வெட்டிவிட்டால் கதை ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1960களில் வீட்டுக் கார் ஷெட்டில் முரட்டு ராக் இசை பழகிய அமெரிக்க 'கராஜ் ராக்' பையன்களைப் பற்றிய இளையோர் நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவரலாம் என்று சென்ற ஞாயிறு புத்தகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்லது. ஆனால், கருவி, ஒயர், ஸ்பீக்கர் பற்றிய பக்கங்கள் நம் வாசகருக்குச் சலிப்பூட்டும், மொழிபெயர்ப்பாளர் அவற்றைச் சுருக்கிவிடலாம் என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. இவ்வகை நாவலில் நட்பு, சண்டை, பிரிவு எல்லாமே அந்த ஒயரிலிருந்துதான் கிளம்புகின்றன. அதை வெட்டினால் மிஞ்சுவது, காரணமே இல்லாமல் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழும் நான்கு பேர்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'கராஜ்' என்றால் நம்மில் பலருக்கு, இலங்கை வாசகருக்கு இன்னும் உறுதியாக, வண்டி பழுதுபார்க்கும் இடம்தான் நினைவுக்கு வரும். நாவலில் வருவது வீட்டை ஒட்டிய கார் ஷெட். 'கராஜ் இசைக்குழு' என்று போட்டால் கிரீஸ் கையோடு பாடும் மெக்கானிக்குகள் என்று வாசகர் எண்ணக்கூடும். இன்னொரு சிக்கல் காலம். 1965இல் நடக்கும் கதையில் ஒரு பையன் 'நாங்கள் கராஜ் ராக் பேண்ட்' என்று சொல்லக் கூடாது. அந்தப் பெயர் பின்னாளில் விமர்சகர்கள் சூட்டியது. இசை விமர்சகர் லென்னி கே தொகுத்து 1972இல் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 'நக்கெட்ஸ்' தொகுப்புதான் அந்த மறந்துபோன இசைத்தட்டுகளை ஒரு வகையாகக் கட்டி நிறுத்தியது. அதன் குறிப்பிலேயே அவர் 'பங்க் ராக்' என்ற சொல்லைத்தான் கையாண்டார். பையன்கள் தங்களை வெறுமனே 'பேண்ட்' என்றார்கள், அவ்வளவுதான். பையன்கள் மட்டும் என்பதும் தவறு. டெட்ராய்ட்டில் 1964இல் பட்டி குவாட்ரோ, தங்கை சூஸி குவாட்ரோ முதலானோர் சேர்ந்து 'பிளெஷர் சீக்கர்ஸ்' என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார்கள்.

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸைச் சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள், மறுநாள் ஊரெல்லாம் கிடார் வாங்கியது என்பது எல்லோரும் எழுதுவது. ஆனால் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், டகோமா, சியாட்டில், போர்ட்லண்ட் பக்கம், இந்தச் சத்தம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஒரு காட்சி. குழுவுக்கு ஒரே ஓர் ஆம்ப்ளிஃபயர் (ஒலியைப் பெருக்கும் பெட்டி). 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, முன்பக்கம் மூன்று துளைகள். ஒன்றில் லீட் கிடார், இன்னொன்றில் ரிதம் கிடார், மூன்றாவதில் பாடுபவனின் மைக். அந்த 15 வாட் மூவருக்கும் பொது. கிடார்காரன் தடித்த தந்தியை ஓங்கி அடித்ததும் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. குரலுக்குக் கொடுக்க அந்த நேரத்தில் அதனிடம் எதுவும் மிச்சமில்லை. குரல் அமுங்கும், கிடாரின் அதிர்வுக்கு ஏற்ப நடுங்கும், கரகரக்கும். பாடுபவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வேண்டுமென்றே தன்னை அமுக்குகிறான் என்று நினைப்பான், தன் குமிழைத் திருகுவான். கிடார்காரனும் திருகுவான். இரண்டு குமிழும் கோடிக்குப் போனபின் சத்தம் கூடாது, சிதைவுதான் கூடும். டிரம்ஸ்காரனிடம் திருகக் குமிழே கிடையாது. அவன் இன்னும் ஓங்கி அடிப்பான். அத்தியாயத்தின் கடைசியில் பாடகன் மைக்கை வீசிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போகிறான் என்றால், அதற்குக் காரணம் இந்த மூன்று துளைகள். அவற்றைச் சுருக்கினால் அவன் வெறும் முன்கோபக்காரன்.

இதிலேயே இன்னொரு கண்ணி. ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்தால் ஸ்பீக்கர் வாசிப்பவனின் முழங்காலைப் பார்த்து ஒலிக்கும். உச்ச ஒலி, அதாவது கீச்சென்ற உயர் சுருதி, நேர்கோட்டில் பாய்வது, அது அவன் காதுக்கு எட்டாது. 'மந்தமாக இருக்கிறதே' என்று உச்ச ஒலிக்கான டிரெபிள் குமிழை ஏற்றுவான். பதினைந்து அடி தள்ளி நிற்பவனுக்குக் காதில் ஊசி குத்தும். பரிகாரம் ஒரு நாற்காலிதான். பெட்டியை அதன்மேல் தூக்கி வைக்கலாம், அல்லது பின்பக்கம் சாய்த்து வைக்கலாம். ஃபெண்டர் நிறுவனம் தன் பெரிய பெட்டிகளுக்குச் சாய்த்து நிறுத்தும் கால்களையே பக்கவாட்டில் பொருத்தி விற்றது. நாவலில் யாராவது பெட்டியை நாற்காலியில் ஏற்றினால், அவனுக்குத் தொழில் பிடிபடத் தொடங்கிவிட்டது என்று ஆசிரியர் சொல்லாமல் சொல்கிறார்.

பேஸ் கிடாரை இந்தச் சிறிய கிடார் பெட்டியில் செருகினால் என்ன ஆகும்? பேஸின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. அதை ஒலிக்க ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிடாருக்கு அசைவதைவிட மிக அதிகமாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கிடாருக்கென்று செய்த மெல்லிய கூம்பு விளிம்பில் கிழியும், அல்லது உள்ளிருக்கும் சுருள் காந்தத்தில் உரசத் தொடங்கும். சிறு கிழிசல் என்றால் மெல்லிய காகிதமும் பசையும் வைத்து ஒட்டிச் சமாளிக்கலாம். சுருள் உரசினால் கூம்பை மாற்றித்தான் ஆக வேண்டும். பெட்டி யாருடையதோ அவன் அப்பாதான் கடையில் தவணைக்குக் கையெழுத்துப் போட்டவர் என்பதால், பேஸ்காரன் அந்தக் குழுவில் நீடிப்பானா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

கரகரப்பு விஷயத்தில் மொழிபெயர்ப்பாளர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் 'இரைச்சல்' என்று ஒரே சொல்லைப் போட்டால் போச்சு. கிழிந்த ஸ்பீக்கர் மெதுவாக வாசித்தாலும் தாழ்ந்த சுரத்தில் பறபறக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயரை எல்லைக்கு மேல் தள்ளினால் வருவது வேறு. கிடாரின் குமிழைச் சற்றுக் குறைத்தாலே தெளிந்துவிடும். மூன்றாவது, காலால் மிதிக்கும் 'ஃபஸ்' பெட்டி. அதில் எழுப்பிய சுரம் வண்டுபோல் ரீங்கரித்து, தேயும்போது பட்டென்று அறுந்துவிடும். லண்டனில் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் கூம்பை பிளேடால் கீறியது முதல் வகை. 'மேஸ்ட்ரோ' ஃபஸ் பெட்டி 1962இலேயே கடைக்கு வந்தும் தூங்கிக்கொண்டிருந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வந்த பிறகுதான் கேட்டு வாங்கினார்கள். எனவே 1964 கோடையில் நடக்கும் கதையில் சிற்றூர்ப் பையன் ஃபஸ் பெட்டி வைத்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பிளேடு வைத்திருந்தால் நம்பலாம்.

பாட்டின் சொற்கள் ஏன் புரிவதில்லை என்பதும் பெட்டியால் வருவதே. கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஊமை. 'ஸ' போன்ற ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கரைந்துவிடும். அந்தக் கால மலிவு மைக்குகள் உயர் மின்தடை வகை. கிடார் துளையில் அப்படியே செருகலாம், ஆனால் ஒயர் இருபது அடியைத் தாண்டினால் உச்ச ஒலி வழியிலேயே தேய்ந்துபோகும். மிச்சமிருந்த மெய்யெழுத்தும் போயிற்று. ஸ்பீக்கரின் ஒலி திரும்ப மைக்குக்குள் புகுந்து அது கூவத் தொடங்கியதும், பாடகன் பயந்துபோய் அதன் தலையைக் கையால் பொத்துகிறான் என்று நாவல்களில் வரும். சரியான காட்சிதான், ஆனால் அடுத்த வரியில் கூவல் நின்றது என்று எழுதினால் தப்பு. மைக்கின் பின்பக்கத் துளைகளை அடைத்தால் அது எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும், இன்னும் வீறிடும். கையை எடுத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு மைக்கின் முதுகு தெரியுமாறு நிற்க வேண்டும்.

சொல் புரியாமல் போனதற்கு உண்மையான உதாரணம் போர்ட்லண்டில் இருக்கிறது. ரிச்சர்ட் பெர்ரி எழுதி 1957இல் வெளியிட்ட 'லூயி லூயி'யை 'தி கிங்ஸ்மென்' குழு 1963 ஏப்ரலில் ஒரு சிறு ஸ்டுடியோவில் பதிவுசெய்தது. மைக் பாடகர் ஜாக் இலியின் தலைக்கு மேலே தொங்கியது. அண்ணாந்து கத்தினார், பல்லில் கம்பி வேறு. கிடார் தனியாவர்த்தனம் முடிந்ததும் மூன்றாம் சரணத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டு, தப்பு புரிந்து நிறுத்தினார். டிரம்மர் லின் ஈஸ்டன் ஒரு உருட்டு உருட்டி இடைவெளியை அடைத்தார். தட்டில் அது அப்படியே இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போன பாட்டு அது. சொல் புரியாததால் உள்ளே ஆபாசம் இருப்பதாக வதந்தி கிளம்பியது. இண்டியானா ஆளுநர் மாத்யூ வெல்ஷ் கண்டித்தார், எஃப்.பி.ஐ. தட்டைப் பல வேகங்களில் ஓட்டிக் கேட்டது. எந்த வேகத்திலும் சொல் விளங்கவில்லை என்பதே அவர்கள் கண்டுபிடித்தது.

அந்தப் பாட்டின் ஸ்வர அடுக்கு (கார்டு) நான்கே அடி: ஏ, டி, இ மைனர், டி. தொடங்குபவர்கள் செய்யும் பிழை அந்த மூன்றாவதில். இ மேஜருக்கும் இ மைனருக்கும் ஒரே விரல்தான் வேறுபாடு, மூன்றாம் தந்தியின் முதல் கட்டையில் இருக்கும் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டால் மைனர். எடுக்காமல் வாசித்தால் பாட்டு சட்டென்று பள்ளிக்கூடப் பிரார்த்தனைபோல் மலர்ந்துவிடும், முரட்டுத்தனம் போய்விடும். ஒரு நாவலில் 'விரலை எடு' என்று ஒருத்தி கத்தினால் அதை 'சரியாக வாசி' என்று பெயர்க்காதீர்கள்.

பதிவு நடந்த அதே 1963இன் பிற்பகுதியில், இனி தான்தான் பாடப்போவதாக ஈஸ்டன் அறிவித்தார். குழுவின் பெயரைப் பதிவுசெய்திருந்தவர் அவர் அம்மா. இலி வெளியேறினார். நாடறிந்த குரல் ஒருவருடையது, மேடையில் வாயசைத்தது இன்னொருவர். பெயர்ப் பதிவுக்கு அம்மா விண்ணப்பம் நிரப்பும் பக்கம் கதையில் வந்தால், அது குண்டு புதைத்து வைக்கும் பக்கம்.

தட்டை மெதுவாக ஓட்டிப் பாடம் கற்பது எல்லா நாவலிலும் வரும், பாதிப் பேர் தப்பாக எழுதுகிறார்கள். நிமிடத்துக்கு 45 சுழற்சித் தட்டை 33⅓இல் ஓட்டினால் வேகத்தோடு சுருதியும் இறங்கும், கிடாரில் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் கூடுதலாக. அந்தக் 'கொஞ்சம்' இருப்பதால் எந்தக் கட்டையிலும் ஒட்டாது. கூடவே வாசிக்க வேண்டுமானால் கிடாரின் சுருதியையே மாற்ற வேண்டும். ஆனால் அக்கால இசைத்தட்டுப் பெட்டிகள் பலவற்றில் 16⅔ வேகமும் இருந்தது. 33⅓ நீள்தட்டை அதில் ஓட்டினால் வேகம் சரிபாதி, சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே. கிடார்காரன் எதையும் மாற்றாமல் கூடவே வாசிக்கலாம். விவரம் தெரிந்த பையன் ஒற்றைப் பாட்டுத் தட்டுக்குப் பதில் நீள்தட்டுக்குக் காசு சேர்ப்பான்.

ஷெட்டுக்கு வருவோம். இரண்டு கார் நிற்கும் ஷெட் ஏறக்குறைய 20க்கு 20 அடி, கூரை 8 அடி, தரை கான்கிரீட். எதிரெதிர்ச் சுவர்கள் 20 அடி தள்ளி இருந்தால் அந்த அறை 28 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 56 ஹெர்ட்ஸிலும் தானே முழங்கும். பேஸ் கிடாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். ஆகவே ஏ சுரம் மட்டும் சுவரருகே இடிபோல் கேட்கும், சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி நின்றால் காணாமல் போகும். அந்த ஐந்தடியில் நிற்கும் பேஸ்காரன் தன் சத்தம் எழவில்லை என்று கூட்டுவான், சுவரோரம் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் திட்டுவான். இருவர் சொல்வதும் உண்மை. பேஸ் முழங்கும்போது யாரும் தொடாமலே ஸ்நேர் டிரம்மின் அடிக்கம்பிகள் சலசலக்கும். பக்கத்து நெம்புகோலைத் தட்டிக் கம்பியை விலக்கினால் அடங்கும். கான்கிரீட்டில் கிக் டிரம் அடிக்க அடிக்க முன்னே நகரும், அடியில் பழைய கம்பளம் வேண்டும்.

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார்கள், அக்கம்பக்கத்தார் புகார் நின்றது என்று எழுதுவது சுத்தக் கற்பனை. முட்டை அட்டை உள்ளே எதிரொலியின் கூர்மையைச் சற்று மழுக்கும், வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தை நிறுத்துவது எடையும் இடுக்கு இல்லாமையும். ஷெட்டின் மெல்லிய கதவும் அதன் அடியில் உள்ள இடைவெளியும் இருக்கும்வரை போலீஸ் வரத்தான் செய்யும். மெத்தையைச் சாத்தினால் சிம்பல் குறையும், பேஸ் தெருமுனை வரை போகும். காதுக்கும் ஒரு வரி: 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடம் என்பதே அமெரிக்கத் தொழில்நலக் கழகம் இன்று சொல்லும் வரம்பு. அந்தப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்தார்கள்.

மிச்சிகன் போன்ற குளிர் மாநிலமானால் இன்னொன்று. குளிரில் எஃகுத் தந்தி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். அறையும் விரலும் சூடாக ஆக இறங்கும். ஃபார்ஃபிசா, வாக்ஸ் போன்ற மின் ஆர்கன் குழுவில் இருந்தால் அதைத் தொட்டதும் மாற்ற முடியாது, மற்ற எல்லோரும் அதற்கே சுருதி சேர்க்க வேண்டும். அதனால் ஆர்கன் வந்த நாளிலிருந்து குழுவில் அதிகாரம் இடம் மாறும்.

வெட்டவே கூடாத பக்கம் மின்சாரம். அந்தக் கால அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களில் இரண்டு முள் பிளக்தான், எர்த் கிடையாது. முள் இரண்டும் ஒரே அளவு, எப்படியும் திருப்பிச் செருகலாம். ஹம் என்னும் மின்சார முனகல் குறைய வேண்டும் என்று மின்னிணைப்பின் ஒரு பக்கத்திலிருந்து பெட்டிக்குள் இருக்கும் உலோகத் தகட்டுக்கு ஒரு சிறு கெப்பாசிட்டர் (மின்தேக்கி) வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். பிளக் தலைகீழாக இருந்தால் 120 வோல்ட் இதன் வழியே தகட்டுக்கும், அங்கிருந்து கிடார் தந்திக்கும் வரும். கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருந்தால் கசிவு சுமார் 2 மில்லி ஆம்பியர், விரலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அது ஷார்ட் ஆனால் முழு 120 வோல்ட். மைக் வேறொரு பெட்டியில் செருகியிருந்து அதன் பிளக் சரியான பக்கம் இருந்தால், கை தந்தியில், உதடு மைக்கில், மின்சாரம் உடல் வழியே பாயும். தரை ஈரக் கான்கிரீட். அந்தத் தொழிலில் இருந்தவர்கள் இதற்குக் கொலைகாரக் கெப்பாசிட்டர் என்றே பெயர் வைத்தார்கள். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் 'ஸ்டோன் தி குரோஸ்' கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார்.

எனவே 'பாடுவதற்கு முன் அவள் தந்தியை மைக் கம்பியில் லேசாகத் தொட்டுப் பார்த்தாள், பொறி தெறித்தது, பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினாள்' என்று மூலத்தில் இருந்தால் அது அலங்காரம் அல்ல. அவள் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். நம் 230 வோல்ட்டும் மூன்று முள் பிளக்கும் பழகிய வாசகருக்கு இது தானாக விளங்காது, அதனால் இங்கே ஒரு வாக்கியம் கூட்டலாமே தவிரக் குறைக்கக் கூடாது. 120ஐ 230 ஆக்கவும் வேண்டாம். அங்கே ஹம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50.

குழு எப்படி முடிகிறது என்பதைக் கட்டுரையாளர் 'கனவு கலைந்தது' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். 1966, 67இல் அது பெரும்பாலும் பிறந்தநாள் கணக்கு. பதினெட்டு நிறைந்ததும் படையழைப்புக்குப் பதிவுசெய்ய வேண்டும். கல்லூரியில் சேர்ந்தால் ஒத்திவைப்பு கிடைக்கும், சேராதவனுக்கு வியட்நாம் போருக்கு அழைப்பு வரலாம். குழுவில் மூத்தவன் யார், யாருக்குக் கல்லூரி இடம் கிடைத்தது என்பதை முதல் அத்தியாயத்திலேயே போகிறபோக்கில் சொல்லியிருப்பார்கள், அதைத் தவறவிடாமல் பெயர்க்க வேண்டும்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த ஓவியத்தில் மேடையில் துள்ளும் பையனின் கிடாரிலிருந்து ஒயரே போகவில்லை. அடுத்த முறை வரைபவர் தொலைபேசி ஒயர்போன்ற அந்தக் காலச் சுருள் ஒயரைப் போடட்டும். அவ்வளவு தூரம் துள்ளினால் அது இழுத்த இழுப்பில் பின்னாலிருக்கும் ஆம்ப்ளிஃபயர் நாற்காலியோடு சாயும், அதையும் சேர்த்து வரையலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி